ஐரோப்பிய யாத்திரையும் புகையிரதச் சீட்டும்

சித்திரை பிறந்து வைகாசி நெருங்கும்போது பிரித்தானியாவில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இந்த முறை ஹம்முக்குப் போவோமா?" என்பதே அந்தப் பேச்சு. ஜேர்மனியின் ஹம் நகரிலே 2002ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழாவைத் தரிசிக்க ஐரோப்பாவின் பல திக்குகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான அடியார்கள் வந்து கூடுகிறார்கள். கோடை முடியும் வேளையில் பாரிஸ் மாநகரின் லா சப்பல் பகுதியிலே ஸ்ரீ மாணிக்க விநாயகப் பெருமான் தேரில் எழுந்தருளி வீதியுலா வருகிறார். அந்த ஆலயம் யூரோஸ்டார் புகையிரதம் சென்று நிற்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது.

தல யாத்திரை போகும் விருப்பம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால் விமான நிலையத்து அலைச்சலை எண்ணிப் புகையிரதமே நல்லது என்று முடிவாகும். உடனே வீட்டு இளைஞர் ஒருவர் கணனியின் முன் அமர்கிறார். ஒரு தளத்தில் ஒரு விலை. இன்னொன்றில் வேறு விலை. மூன்றாவது தளத்தில் அந்த வண்டியே இல்லை. அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் முதலில் கண்ட விலையும் மாறிவிட்டது. "எல்லாம் ஏமாற்று வேலை" என்று சலித்துக்கொண்டு, கண்ணில் பட்ட மிகக் குறைந்த தொகையைச் செலுத்திவிட்டு எழும்புகிறார்கள். அந்தக் குறைந்த தொகையே சில வேளைகளில் யாத்திரையின் மிகப் பெரிய செலவாக முடிந்துவிடுகிறது. அது ஏன் என்பதை அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மன அமைதியும் மிஞ்சும்.

ஒரே வண்டி, பல விலை

நம்மவரில் மூத்த தலைமுறையினர் 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் பயணம் செய்து பழகியவர்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இத்தனை மைல், இன்ன வகுப்பு, ஆகவே இத்தனை ரூபா என்பதே அக்காலக் கணக்கு. கவுண்டர் ஒன்று, விலை ஒன்று. முந்தின நாள் வாங்கினாலும், வண்டி புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன் ஓடி வந்து வாங்கினாலும் விலையில் மாற்றமில்லை.

இன்றைய ஐரோப்பாவின் நெடுந்தூர வண்டிகள் பெரும்பாலும் அப்படி விற்கப்படுவதில்லை. ஒரு வண்டியிலுள்ள ஆசனங்களைப் பல விலைப் படிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். மிகக் குறைந்த படியில் சில ஆசனங்கள். அவை விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி. அதுவும் தீர்ந்ததும் அதற்கடுத்த படி. புறப்படும் நாள் நெருங்க நெருங்கக் கீழ்ப்படிகள் காலியாகிவிடும். விமானக் கம்பனிகள் கையாண்ட முறையே இது. அரை மணி நேரத்தில் விலை கூடியது என்றால், பெரும்பாலும் இடைநேரத்தில் வேறு யாரோ கீழ்ப்படியின் கடைசி ஆசனங்களை வாங்கிவிட்டார்கள் என்பதே பொருள்.

இதில் குடும்பத்தோடு செல்வோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஐந்து பேருக்கு ஒரே தடவையில் விலை கேட்கும்போது, ஐந்து ஆசனங்களும் உள்ள படியையே பல விற்பனை அமைப்புகள் தேடுகின்றன. கணக்குக்காக, 40 யூரோப் படியில் மூன்று ஆசனங்களும் 60 யூரோப் படியில் நிறைய ஆசனங்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐவருக்கும் சேர்த்துக் கேட்டால் ஆளுக்கு 60 வீதம் 300 யூரோ என்று காட்டும். மூவருக்கு ஒரு சீட்டும் இருவருக்கு ஒரு சீட்டுமாக வாங்கினால் 120உம் 120உம் சேர்ந்து 240 யூரோவோடு முடியும். ஆகவே முதலில் ஒருவருக்கு மட்டும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஆளுக்குரிய விலை வேறுபட்டால் பிரித்து வாங்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரின் சீட்டிலிருந்து பிரித்துவிடக் கூடாது. ஆசனங்கள் அருகருகே கிடைக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

விற்பவர் மூவகையினர்

கணனித் திரையில் எல்லாத் தளங்களும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, வண்டியை ஓட்டும் நிறுவனத்தின் சொந்தத் தளம். ஜேர்மனிக்கு டொய்ச்ச பான், பிரான்சுக்கு எஸ்என்சிஎவ், ஒஸ்ரியாவுக்கு ஓபிபி, இத்தாலிக்கு திரெனித்தாலியா, சுவிற்சர்லாந்துக்கு எஸ்பிபி, கால்வாய்ச் சுரங்கப் பாதைக்கு யூரோஸ்டார் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தளம் உண்டு. இங்கே இடைத் தரகு இல்லை. வண்டி தாமதித்தாலோ இரத்துச் செய்யப்பட்டாலோ நேரே இவர்களிடமே கேட்கலாம்.

இரண்டாம் வகை, பல நிறுவனங்களின் சீட்டுகளை ஓரிடத்தில் விற்கும் முகவர்கள். டிரெயின்லைன், ரெயில் யூரோப், ஒமியோ என்பன பலரும் அறிந்த பெயர்கள். ஆங்கிலத்தில் விளக்கம், பவுணில் விலை, பல நாட்டு வண்டிகள் ஒரே பட்டியலில் என்பவை இவற்றின் வசதிகள். பொதுவாக இவை புகையிரத நிறுவனத்தின் விலையிலேயே சீட்டை விற்றுப் பல பயணங்களில் அதன் மேல் சேவைக் கட்டணம் ஒன்றைச் சேர்க்கின்றன. பணத்தைத் திரும்பப் பெறுவதும் பொதுவாக முகவர் வழியாகவே நடைபெறும்.

மூன்றாம் வகை, எதையும் தாமே விற்காமல் வழியை மட்டும் காட்டும் தளங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எப்படிப் போகலாம், எங்கே மாறவேண்டும், எந்த நிறுவனத்திடம் வாங்குவது நல்லது என்பவற்றை இங்கே படிக்கலாம். மார்க் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் 2001ஆம் ஆண்டு தொடங்கிய "சீட் சிக்ஸ்டி வன்" என்னும் தளம் இவற்றுள் பெயர்பெற்றது. சீட்டு வாங்க முன்னர் இத்தகைய விளக்கங்களைப் படிப்பதற்குச் செலவிடும் அரை மணி நேரம் வீண் போவதில்லை.

எங்கே ஒப்பிட்டால் பயனுண்டு?

ஒரே நிறுவனம் மட்டும் வண்டி ஓட்டும் பாதையில் பத்துத் தளங்களைப் புரட்டிப் பார்ப்பதால் பெரிய இலாபம் இல்லை. இலண்டனிலிருந்து பாரிசுக்குச் சுரங்கப் பாதை வழியே பயணிகளை ஏற்றிச் செல்வது யூரோஸ்டார் ஒன்றே. இங்கே நாளையும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பதே விலையைக் குறைக்கும் வழி. வெள்ளி மாலைக்கும் செவ்வாய் மதியத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம், தளத்துக்குத் தளம் உள்ள வித்தியாசத்தை விடப் பெரிதாக இருக்கக் காணலாம்.

ஆனால் இரண்டு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டும் வண்டியென்றால் கதை வேறு. பாரிசுக்கும் பிராங்பேட்டுக்கும் இடையில் 2007ஆம் ஆண்டிலிருந்து ஓடும் விரைவு வண்டிகளைப் பிரெஞ்சு நிறுவனமும் ஜேர்மன் நிறுவனமும் கூட்டாக நடத்துகின்றன. ஒவ்வொன்றும் தன் விலைமுறைப்படியே விற்பதால், அதே வண்டி, அதே நாள், ஆனால் ஒரு தளத்தில் குறைந்த விலை, மற்றதில் கூடிய விலை என்பது அங்கே சாதாரணம். பேர்லினிலிருந்து பிராக் செல்லும் வண்டிகளும் அத்தகையவையே. அங்கே செக் புகையிரத நிறுவனத்தின் தளத்தைப் பார்த்தவர்களுக்கு ஜேர்மன் தளத்தை விடக் குறைந்த விலை கிடைப்பது அடிக்கடி நிகழ்வது. மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்குப் போகிறவர்கள் ஜேர்மன் தளத்தையும் ஒஸ்ரியத் தளத்தையும் இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எல்லை தாண்டும் வண்டிக்கு இரு பக்கத்து விலையையும் கேட்பது என்று இதை ஒரு விதியாகவே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

போட்டி நிறுவனங்கள் ஓடும் பாதை இன்னொரு வகை. இத்தாலியில் மிலான், உரோம், நேப்பிள்ஸ் பாதையில் 2012ஆம் ஆண்டிலிருந்து இத்தாலோ என்னும் தனியார் வண்டி திரெனித்தாலியாவுடன் போட்டியிடுகிறது. ஸ்பெயினில் மட்ரிட், பார்சலோனா பாதையில் ரென்பேயுடன் 2021இல் விகோவும் 2022இல் இரியோவும் வந்து சேர்ந்தன. பாரிசிலிருந்து லியோன் செல்லும் பாதையில் 2021 டிசெம்பர் முதல் இத்தாலிய நிறுவனமே பிரெஞ்சு நிறுவனத்துக்கு எதிராக வண்டி ஓட்டுகிறது. ஒரு நிறுவனத்தின் தளம் தன் போட்டியாளரின் வண்டியைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே இப்படிப்பட்ட பாதைகளில் முகவர் தளமே முழுப் படத்தையும் காட்டும். அங்கே பார்த்து வண்டியைத் தெரிந்துகொண்டு, பின்னர் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கினால் சேவைக் கட்டணமும் மிஞ்சும்.

சுமைகூலி முக்கால் பணம்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் நம் முன்னோர். பிரயாணச் சீட்டிலும் அப்படி நேர்வதுண்டு. இரண்டு தளங்களை ஒப்பிடும்போது முதற் பக்கத்துத் தொகையை அல்ல, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்துத் தொகையையே ஒப்பிட வேண்டும்.

சேவைக் கட்டணத்தைப் பற்றி மேலே கூறப்பட்டது. அடுத்தது ஆசனப் பதிவு. யூரோஸ்டாரிலும் பிரெஞ்சு ரிஜிவி வண்டிகளிலும் ஆசனம் சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கும். ஜேர்மன் நெடுந்தூர வண்டிகளின் மலிவுச் சீட்டில் இரண்டாம் வகுப்புக்கு ஆசனப் பதிவு அடங்காது. அதற்குத் தனிக் கட்டணம். முன்பு ஒரு குடும்பம் முழுவதற்கும் ஒரே கட்டணத்தில் ஆசனம் பதியும் சலுகை அங்கே இருந்தது. 2025 ஜூன் மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. இன்று ஒவ்வொரு ஆசனத்துக்கும் தனித்தனியே கட்ட வேண்டும். திருவிழாக் காலத்தில், அதுவும் முதியவர்களுடன் செல்லும்போது, ஆசனப் பதிவை மிச்சம் பிடிப்பது புத்தியல்ல.

மூன்றாவது பிள்ளைகள். ஜேர்மனிக்குள் நெடுந்தூர வண்டிகளில் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பெரியவருடன் சேர்ந்து செல்லும்போது கட்டணமில்லை. ஆனால் சீட்டு வாங்கும்போதே அவர்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டுச் சீட்டில் பதிந்திருக்க வேண்டும். தேடும்போது வயதைச் சரியாகக் கொடுக்காதவர்கள் இந்தச் சலுகையை இழந்துவிடுகிறார்கள்.

நான்காவது நாணய மாற்று. யூரோவில் விற்கும் தளத்தில் பிரித்தானியக் கடனட்டையைப் பாவித்தால் சில வங்கிகள் வெளிநாட்டுக் கட்டணம் அறவிடும். மறுபுறம், பவுணில் கட்டலாம் என்று சில இடங்களில் காட்டப்படும் மாற்று வீதம் வங்கியின் வீதத்தை விட மோசமாக இருக்கலாம். வெளிநாட்டுக் கட்டணம் இல்லாத அட்டையைக் கொண்டு யூரோவிலேயே கட்டுவது பொதுவாக இலாபம்.

ஹம் நகருக்கு ஒரு குடும்பம்

இவ்வளவையும் ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். கணவன், மனைவி, பத்தும் பன்னிரண்டும் வயதான இரு பிள்ளைகள், முழங்கால் வருத்தமுள்ள அம்மம்மா என ஐவர் இலண்டனிலிருந்து ஹம் தேருக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். சென் பாங்ராசில் ஏறிப் பிரசெல்ஸ் வரை சுமார் இரண்டு மணி நேரம். அங்கே மாறிக் கொலோன் வரை ஏறக்குறைய இன்னொரு இரண்டு மணி நேரம். அங்கே மீண்டும் மாறி ஹம் வரை விரைவு வண்டியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

கணனியில் தேடும் இளைஞருக்கு மூன்று துண்டுகளையும் மூன்று இடங்களில் மலிவுச் சீட்டாக வாங்கினால் மொத்தம் மிகக் குறைவு என்று தெரிகிறது. அவர் வாங்கியும் விடுகிறார். முதல் வண்டி முக்கால் மணி நேரம் தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரசெல்சில் இரண்டாவது வண்டி போய்விட்டது. அந்த மலிவுச் சீட்டு அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். அது தனி ஒப்பந்தம் ஆகையால், முதல் வண்டியின் தாமதத்துக்கு இரண்டாவது சீட்டை விற்றவர் சட்டப்படி பொறுப்பில்லை. கொலோனில் மூன்றாவது சீட்டுக்கும் அதே கதிதான். பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்கிடையே, சர்வதேசப் பயணத்தில் இணைப்பைத் தவறவிட்டவரை அடுத்த வண்டியில் ஏற்றும் இணக்கம் இருக்கிறது. ஆனால் அது சலுகையே தவிர எல்லா வண்டிக்கும் பொருந்தும் உரிமை அன்று. அதை நாடுவதற்கும் தாமதித்த வண்டியின் அலுவலரிடமோ நிலையத்திலோ தாமதத்துக்கு எழுத்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தச் சலுகை கிடைக்காவிட்டால் அன்றைய விலையில் ஐவருக்கும் புதுச் சீட்டு. மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் கரைந்து போகும். அம்மம்மா அந்நிய ஊர் நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார்.

இதையே வேறு விதமாகச் செய்யலாம். இலண்டனிலிருந்து கொலோன் வரைக்கும், பிரசெல்சில் மாறும் பயணத்தை யூரோஸ்டார் நிறுவனமே ஒரே சீட்டாக விற்கிறது. முன்னர் தலிஸ் என்ற பெயரில் ஓடிய சிவப்பு வண்டிகள் 2023 முதல் யூரோஸ்டார் என்ற பெயரிலேயே ஓடுவதால் இரு துண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. முதல் வண்டி தாமதித்து இரண்டாவது தவறினால், பயணத்தைத் தொடரச் செய்வது அவர்களின் பொறுப்பு.

எஞ்சியது கொலோனிலிருந்து ஹம் வரையான பகுதி. இங்கேதான் பலர் அறியாத வசதி இருக்கிறது. ஜேர்மனியின் பிராந்திய வண்டிகளுக்கு விலைப் படிகள் இல்லை, நிலையான கட்டணம். குறிப்பிட்ட ஒரு வண்டியில்தான் ஏறவேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. கொலோனுக்கும் ஹம்முக்கும் இடையே இப்படியான நேர் வண்டிகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. விரைவு வண்டியை விட அரை மணி நேரமளவு கூடுதலாக ஆகும், அவ்வளவே. கொலோனில் இறங்கியதன் பின்னரே சீட்டை வாங்கலாம். இரண்டு மணி நேரம் பிந்தி வந்தாலும் அதே விலை. ஆக, முதற் பகுதிக்கு ஒரே ஒப்பந்தமும் கடைசிப் பகுதிக்கு நிலையான கட்டணமும் என்று அமைத்துவிட்டால் அறுந்துபோகும் இணைப்பு என்று ஒன்றும் இல்லை. மூன்று மலிவுச் சீட்டுகளின் கூட்டுத்தொகையை விட இது சற்றுக் கூடலாம். ஆனால் அந்தச் சிறு தொகைக்கு ஒரு காப்புறுதி கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஜேர்மனியின் மாதாந்தச் சீட்டான "டொய்ச்லான்ட் ரிக்கெட்" பற்றிச் சிலர் கேட்பார்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய அச்சீட்டு 2025 ஜனவரியில் 58 யூரோவாகி, அதன் பின்னரும் உயர்த்தப்பட்டது. நாடு முழுவதும் பிராந்திய வண்டிகளுக்கும் நகரப் பஸ்களுக்கும் அது செல்லும். நெடுந்தூர விரைவு வண்டிகளுக்குச் செல்லாது. அங்கேயே வாழும் உறவினருக்கு அது பெரும் வசதி. மாதச் சந்தாவாக விற்கப்படுவதால், இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புவோர் நிறுத்தும் தேதியை மறந்தால் அடுத்த மாதமும் பணம் போய்விடும்.

திரும்பும் பயணத்தில் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். ஹம்மிலிருந்து வரும் பிராந்திய வண்டி தாமதித்தால் கொலோனிலிருந்து புறப்படும் யூரோஸ்டார் காத்திருக்காது. ஆகவே கொலோனை இரண்டு மணி நேரம் முன்னதாகவே அடைவது நல்லது. அந்த நேரத்தில் நிலையத்தின் வாசலிலேயே நிற்கும் பழைமையான பேராலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பிரசெல்சில் இலண்டன் வண்டிக்கு ஏறமுன் கடவுச்சீட்டுப் பரிசோதனையும் உண்டு என்பதால் அங்கேயும் குறுகிய இணைப்பை நம்பக் கூடாது.

சட்டம் தரும் உரிமை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 என்னும் ஒழுங்குவிதி 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேருமிடத்தை 60 முதல் 119 நிமிடம் வரை பிந்தி அடைந்தால் சீட்டு விலையில் 25 வீதமும், 120 நிமிடமும் அதற்கு மேலும் பிந்தினால் 50 வீதமும் நட்டஈடு கேட்கலாம். கடும் இயற்கை அனர்த்தம் போன்ற அசாதாரண காரணங்களுக்கு நட்டஈடு இல்லை. ஆயினும் அப்போதும் பணத்தைத் திரும்பப் பெறுவது அல்லது மாற்று வண்டியில் செல்வது என்ற தெரிவு பயணிக்கு உண்டு. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.

இந்தக் கணக்கு முழுப் பயணத்துக்குமா, ஒரு துண்டுக்கு மட்டுமா என்பது சீட்டைப் பொறுத்தது. ஒரு புகையிரத நிறுவனத்திடம் ஒரே தடவையில் வாங்கிய இணைப்புப் பயணம் பொதுவாக ஒரே சீட்டாகக் கொள்ளப்படும். "இவை தனித்தனி ஒப்பந்தங்கள்" என்று வாங்குமுன் அறிவித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முகவர் ஒருவர் தாமே துண்டுகளை இணைத்து, அவை தனி ஒப்பந்தங்கள் என்று அறிவிக்காமல் விற்று, இணைப்பும் தவறினால், முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்து அதற்கு மேல் 75 வீத நட்டஈடும் அவர் கொடுக்க வேண்டும் என்கிறது அதே விதி. அதனாலேயே பணம் கட்டும் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

விசாவும் முதுமையும்

மலிவுச் சீட்டை நேரத்தோடு வாங்கு என்பது பொது அறிவுரை. நம்மவர் குடும்பங்களில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களானால் அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள். மேலும் விசாரணை தேவையென்றால் 45 நாள் வரை நீளலாம். விசா கைக்கு வருமுன் பணம் திருப்பித் தராத சீட்டை வாங்கிவிட்டு, அது கிடைக்காமல் போனால், ஒருவருக்காக ஐந்து சீட்டும் வீணாகும். ஜேர்மன் நிறுவனத்தின் மிக மலிவான "சூப்பர் ஸ்பார்பிறைஸ்" வகைக்குப் பணம் திரும்பாது. அதற்கு அடுத்த "ஸ்பார்பிறைஸ்" வகையைக் கட்டணம் செலுத்திப் பயண நாளுக்கு முன்னர் இரத்துச் செய்யலாம். விசாவுக்குக் காத்திருப்பவர் உள்ள குடும்பத்துக்கு இரண்டாவது வகையே உண்மையில் மலிவு.

முதியவர்களின் உடல்நிலையையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். தளங்கள் காட்டும் எட்டு நிமிட இணைப்பு, கைப்பையோடு விரைந்து நடக்கும் இளைஞருக்கானது. மூட்டுவாதம் உள்ளவர், இதய நோயாளி, மூச்சிரைப்பு உள்ளவர் ஆகியோருக்கு ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குப் போக மின்தூக்கியைத் தேடவே அந்த நேரம் போதாது. ஜேர்மன் தளத்தில் மாறுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச நேரத்தை நாமே குறிப்பிடலாம். அரை மணிக்குக் குறையாமல் குறிப்பிடுவது நல்லது. சக்கர நாற்காலியும் ஏற்றி இறக்கும் உதவியும் இலவசமாகவே கிடைக்கும். பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும், சில இடங்களில் அதற்கும் முன்னதாக. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில், இரண்டு நாளுக்கு மேலதிகமாகவே எடுத்துச் செல்வது அவசியம். இணைப்புத் தவறி ஓர் இரவு தங்க நேர்ந்தால் அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

வாங்கும் ஒழுங்கு

சொன்னவற்றைச் சுருக்கினால் வரும் ஒழுங்கு இதுதான். முதலில் வழிகாட்டும் தளத்தில் பாதையைப் படிக்க வேண்டும். அடுத்து முகவர் தளம் ஒன்றில் எல்லா வண்டிகளையும் பார்த்து, எந்த நிறுவனங்கள் ஓட்டுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் அந்த நிறுவனங்களின் சொந்தத் தளங்களுக்குப் போய், எல்லை தாண்டும் வண்டியானால் இரு பக்கத்து விலையையும் கேட்டு, ஒருவருக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே விலை பார்க்க வேண்டும். சேவைக் கட்டணம், ஆசனம், நாணய மாற்று யாவற்றையும் கூட்டிய கடைசித் தொகைகளைத் தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். இறுதியாக, எந்தத் துண்டு தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தெரிந்த பின்னரே பணத்தைச் செலுத்த வேண்டும்.

சொந்தத் தளத்திலும் முகவரிடத்திலும் தொகை ஒன்றாகவே இருந்தாலோ, ஓரிரு யூரோ மட்டும் வித்தியாசப்பட்டாலோ, நிறுவனத்திடமே வாங்குவது நலம். ஆங்கிலத்தில் வசதியாக வாங்கலாம் என்பதற்காக ஒரு சிறு கட்டணத்தைக் கொடுக்க ஒருவர் முடிவு செய்தால் அதுவும் தவறில்லை. அறியாமல் கொடுப்பதுதான் தவறு.

பல நகரங்களுக்குச் செல்வோர் இன்டர்ரெயில் சீட்டையும் கணக்கில் எடுக்கலாம். 1972இல் தொடங்கிய அத்திட்டம் இளைஞருக்கு மட்டும் உரியதன்று. 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 10 வீதம் கழிவு உண்டு. பெரியவர் ஒருவருடன் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் கட்டணமின்றிச் செல்லலாம். யூரோஸ்டார் உட்படச் சில வண்டிகளுக்கு மேலதிக ஆசனக் கட்டணம் உண்டு. யூரோஸ்டாரில் அதற்கான ஒதுக்கீடும் அளவோடுதான் என்பதால் நேரத்தோடு பதிய வேண்டும். ஹம் தேருக்கு மட்டும் போய் வருவோருக்கு இது தேவைப்படாது. ஹம், பாரிஸ், சுவிற்சர்லாந்து என்று உறவினர் வீடுகளையும் சேர்த்துச் சுற்றி வருவோருக்கு இது கைகொடுக்கலாம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அம்பாளைத் தரிசிக்கச் செலவிடும் பணமும் உழைத்துச் சேர்த்த பணமே. அதை அளந்து செலவிடுவதில் குறைவொன்றுமில்லை. ஆனால் அளக்கும்போது சீட்டின் விலையை மட்டும் அளந்தால் போதாது. அதிகாலையில் எழுந்து, பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்து, பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துப் புறப்படும் அம்மம்மா, தேர் இருப்பை விட்டு நகரும் முன்னர் அங்கே போய்ச் சேர்ந்து கை கூப்பி நிற்க வேண்டும். அதற்கு உத்தரவாதம் தரும் சீட்டே மலிவான சீட்டு.